மும்பைக்கு ராக் ஷோ பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மும்பை செம்பூரில் குடியிருக்கிறேன் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் டிசம்பர் பிறந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, அந்த பேண்ட் மும்பைக்கு வருதாம், டிக்கெட் போடலாமா?" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி. "மாமா, தனியா வந்தா பயமில்லையே?" என்று திருச்சியிலிருந்து அக்கா மகள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான், கேட்கிறவர்கள்தான் வேறு. அதனால் பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

இதற்காக மும்பை வரைக்கும் வரணுமா? நம்ம பக்கம் வரமாட்டார்களா?

வருவார்கள். ஆனால் அதை நம்பிக் காத்திருக்க முடியாது. சுவீடனின் ஓபெத் 2009-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவிலேயே வாசித்துவிட்டுப் போனார்கள். பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு ஒரு காலத்தில் வராதவர்களே இல்லை என்கிற மாதிரி இருந்தது: 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007-இல் அயர்ன் மெய்டன், 2011-இல் மெட்டாலிக்கா. இன்றைக்கும் பெங்களூரில் ஒரு ஷோ அறிவித்தால், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் யோசிக்காமல் அங்கேதான் போக வேண்டும். ஒரே ராத்திரிப் பயணம், முடிந்ததும் பஸ் ஏறிவிடலாம்.

ஆனால் பெரிய பேண்ட் ஒன்று இந்தியாவில் ஒரே ஊரில் மட்டும் வாசிக்கிறது என்றால், இப்போதெல்லாம் அது பெரும்பாலும் மும்பையாகத்தான் இருக்கிறது. 2025-ஐ மட்டும் பாருங்கள். ஜனவரியில் நவி மும்பையில் மூன்று நாள் கோல்ட்ப்ளே (அவர்கள் மட்டும் அகமதாபாத்திலும் வாசித்தார்கள்), மார்ச்சில் லொல்லாபலூசா இசை விழாவில் கிரீன் டே, மே 17-இல் மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் கன்ஸ் அன்ட் ரோசஸ்.

இந்த ஊருக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 1972-இலேயே லெட் செப்பெலினின் ராபர்ட் பிளான்ட்டும் ஜிம்மி பேஜும் கொலாபாவில் ஸ்லிப் டிஸ்க் என்ற சின்ன கிளப்பில் மேடையேறி வாசித்திருக்கிறார்கள். தி போலீஸ் என்ற பேண்ட் 1980-இல் பம்பாய்க்கு வந்தது. அதே பேண்டின் ஸ்டிங் 44 வருஷம் கழித்து, 2024 லொல்லாபலூசாவில் மறுபடி இங்கே பாடினார். எனக்கு ரொம்பப் பிடித்த கதை 2008-ஆம் வருஷத்து அயர்ன் மெய்டன் கதை. அந்த உலகச் சுற்றுப்பயணத்தின் முதல் ஷோவே மும்பையில், பிப்ரவரி 1 அன்று பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில். ஆட்களும் வாத்தியங்களும் சேர்ந்து வந்த போயிங் 757-ஐ ஓட்டியவர் பேண்டின் பாடகர் புரூஸ் டிக்கின்சன். அவரிடம் முறையான விமானி உரிமம் இருந்தது.

டிக்கெட் எப்படி வாங்குவது? திறந்த அஞ்சு நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறதே?

கோல்ட்ப்ளேக்கு நடந்ததை வைத்து எல்லா ஷோவையும் எடை போட வேண்டாம். 2024 செப்டம்பர் 22 பகல் 12 மணிக்கு விற்பனை என்று அறிவித்தார்கள். 1.3 கோடிப் பேர் ஒரே நேரத்தில் புகுந்ததில் புக்மைஷோ தளமே படுத்துவிட்டது. 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய் வரைக்கும் இருந்த டிக்கெட்டுகள் வெளி இணையதளங்களில் லட்சக்கணக்கில் விலை பேசப்பட்டன, விஷயம் போலீஸ் வரைக்கும் போனது. பெரும்பாலான ராக் ஷோக்களுக்கு இந்தப் பாடு கிடையாது. கிட்டார் சத்தம் கூடக் கூட வரிசை குறையும் என்பது என் கணக்கு.

முன்தினமே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கணக்கில் லாகின் செய்து பெயர், முகவரி எல்லாம் நிரப்பி வையுங்கள். கார்டில் இணையச் செலவுக்கு வரம்பு எவ்வளவு என்று பாருங்கள், கடைசி நிமிஷத்தில் பணம் போகாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். திரையில் காட்டும் விலையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் புக்கிங் கட்டணமும் சேரும், அதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். நாலு பேர் போவதாக இருந்தால் நாலு பேரும் அவரவர் போனில் வரிசையில் நில்லுங்கள். முதலில் உள்ளே போகிறவர் எல்லோருக்கும் சேர்த்து எடுத்துவிடலாம்.

கிடைக்கவில்லையா? உடனே ஓடிப்போய் மூணு மடங்கு விலைக்கு வாங்காதீர்கள். கோல்ட்ப்ளேக்கே முதல் இரண்டு நாள் தீர்ந்ததும் மூன்றாவது நாளைச் சேர்த்தார்கள், நவம்பரில் மலிவு விலையில் இன்னொரு தொகுதி டிக்கெட்டும் விட்டார்கள். மேடையையும் ஸ்பீக்கர் கோபுரங்களையும் எங்கே நிறுத்துவது என்று முடிவானதும், அதுவரை பிடித்து வைத்திருந்த இடங்களை விற்பனைக்குத் திறப்பது வழக்கம். ஷோவுக்கு முந்தின வாரம் தினமும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். முன்பின் தெரியாதவர் கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அது டிக்கெட்டே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே படத்தை அவர் இன்னும் பத்துப் பேருக்கும் விற்றிருக்கலாம், வாசலில் முதலில் ஸ்கேன் ஆகிறவர்தான் உள்ளே போவார்.

எந்த டிக்கெட் எடுப்பது? கடன் வாங்கியாவது முன்னாடி நிற்கணுமா?

வேண்டாம். இதில் பலர் என்னோடு சண்டைக்கே வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். பாடகரின் வியர்வை தெறிக்கிற தூரத்தில் நிற்பது கண்ணுக்கு விருந்துதான், காதுக்கு இல்லை. பெரிய ஷோக்களில் ஸ்பீக்கர்களை மேடையின் இரண்டு பக்கமும் உயரத்தில் சரம் சரமாகத் தொங்கவிடுவார்கள். அந்தச் சத்தம் முன்வரிசைக்காரர்களின் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். கீழே இருப்பவை அடித்தொனிக்கான பாஸ் ஸ்பீக்கர்கள். ஆக முன்னாடி நிற்பவருக்கு நெஞ்சுக்கூடு அதிரும், ஆனால் பாட்டு வரி தெளிவாகக் கேட்காது.

மைதானத்தின் நடுவில், மேடைக்கு நேரெதிரே ஒரு கூடாரம் போட்டிருப்பார்கள். அதற்குள் மிக்சர் பலகை, நாலைந்து திரைகள், தலையை ஆட்டிக்கொண்டே ஸ்லைடரைத் தள்ளுகிற சவுண்ட் இன்ஜினியர். அவர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் மொத்த ஷோவின் சத்தத்தையும் சரி செய்கிறார். அப்படியானால் மைதானத்திலேயே சுத்தமாகக் கேட்கிற இடம் எது? அவர் பக்கத்தில்தான். கூடாரத்துக்கு ஒட்டி முன்னாடியோ, ஒரு ஓரமாகவோ நில்லுங்கள். சுற்றிலும் தடுப்புக் கம்பி இருக்கும், சாய்ந்துகொள்ளலாம், பின்னாலிருந்து யாரும் இடிக்க மாட்டார்கள். இந்த இடம் பெரும்பாலும் சாதாரண ஸ்டாண்டிங் டிக்கெட்டிலேயே கிடைக்கும். வாங்குவதற்கு முன் வரைபடத்தில் தடுப்பு எங்கே வருகிறது என்று மட்டும் பாருங்கள். சில ஷோக்களில் விலை கூடின பகுதி அந்தக் கூடாரம் வரைக்கும் நீண்டிருக்கும்.

இன்னும் பின்னால் நிற்பவர்களுக்காகத் தனியாகக் கோபுரங்களில் ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். சத்தம் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மேடையிலிருந்து சத்தம் வர கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும். அதனால் அந்தக் கோபுர ஸ்பீக்கர்களை வேண்டுமென்றே அதே அளவு தாமதப்படுத்துவார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு டிரம் அடியும் இரண்டு தடவை கேட்கும். திரையில் டிரம்மர் குச்சி இறங்கின பிறகு சத்தம் கொஞ்சம் பிந்தி வருவதைப் பார்த்து "என்னடா இது" என்று நினைக்காதீர்கள், நீங்கள் நிற்கிற தூரம் அது.

நவி மும்பை நெருல் டி.ஒய். பாட்டீல் மாதிரி ஸ்டேடியத்தில் நடந்தால் நான் சீட்டைத்தான் சிபாரிசு செய்வேன். கோல்ட்ப்ளே கூட்டத்துக்கெல்லாம் கையில் ஒளிரும் பட்டை கட்டிவிடுகிற பேண்ட். அரங்கமே ஒரே நேரத்தில் நிறம் மாறுவது மேலே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். கீழே நின்றால் பக்கத்து ஆளின் மணிக்கட்டுதான் தெரியும். ஆனால் மேடைக்கு நேரெதிர் சீட்டாகப் பாருங்கள். பக்கவாட்டில் எதிர்ச் சுவரில் மோதித் திரும்புகிற சத்தம் பாட்டைக் குழப்பிவிடும்.

எப்படி வருவது, எங்கே தங்குவது?

ஷோ பல மாதத்துக்கு முன்பே அறிவிப்பார்கள், ரயில் முன்பதிவோ இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ ஒரு நாள் பயணம். ஷோ அன்றைக்குக் காலையில் வந்து இறங்குகிற மாதிரி போடாதீர்கள். வண்டி நாலு மணி நேரம் பிந்தினால் அப்புறம் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ்நாட்டு வண்டிகள் பல குர்லா லோக்மான்ய திலக் டெர்மினஸுக்கு வரும், எல்லோரும் எல்டிடி என்பார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் திலக் நகர் ஸ்டேஷன், ஹார்பர் லைன். டி.ஒய். பாட்டீலுக்குப் போகிறவர்கள் அங்கே பன்வேல் பக்கம் போகிற லோக்கலில் ஏறினால் நேரே நெருலில் இறங்கலாம், மாறவே வேண்டாம். இவர்கள் செம்பூரிலோ வாஷியிலோ தங்குவது வசதி.

மகாலட்சுமி ரேஸ்கோர்ஸ் என்றால் தாதர், மாதுங்கா பக்கம் தங்குங்கள். தாதரில் வெஸ்டர்ன் லைனுக்கு மாறி ஸ்லோ வண்டியில் ஏற வேண்டும். ஃபாஸ்ட் வண்டி மகாலட்சுமியில் நிற்காது, ஏறிவிட்டால் பாம்பே சென்ட்ரல் போய்த்தான் இறங்குவீர்கள். விமானத்தில் வருகிறவர்களுக்கு ஏர்போர்ட்டிலிருந்தே மெட்ரோ 3 நேராக மகாலட்சுமிக்கு வருகிறது. இன்னொன்று, அந்தப் பக்கம் ஆட்டோவே கிடையாது. பாந்த்ராவையும் சயானையும் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை, டாக்சி மட்டும்தான்.

லொல்லாபலூசா போன்ற விழாக்கள் சனி, ஞாயிறுதான் வரும். ஞாயிற்றுக்கிழமை பகலில் ரயில்வேக்காரர்கள் மெகா பிளாக் என்று தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்துவார்கள். எந்த லைன் என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

எத்தனை மணிக்கு உள்ளே போகணும்? எத்தனை மணிக்கு முடியும்?

திறந்தவெளி ஷோ இரவு 10 மணிக்கு முடிந்துவிடும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில் வருஷத்துக்கு 15 நாள் வரைக்கும் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். ஆனால் அந்த நாட்களெல்லாம் இங்கே கணபதிக்கும் நவராத்திரிக்குமே பத்தாது, ராக் பேண்டுக்கு எங்கே மிச்சம்?

இந்த விதிகளால் மும்பை பழைய ராக் கோயில் ஒன்றையே இழந்தது. தோபி தலாவில் ரங் பவன் என்று ஒரு திறந்தவெளி அரங்கம். 1986-இல் தொடங்கிய இண்டிபெண்டென்ஸ் ராக் விழா அங்கேதான் நடந்தது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பது விதி. பக்கத்திலேயே மருத்துவமனையும் கல்லூரியும். அத்தோடு அங்கே கிட்டார் சத்தம் நின்றது. இங்கே நாற்பது, ஐம்பது வயது ஆள் யாராவது ராக் டிஷர்ட் போட்டிருந்தால் ரங் பவனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் விடமாட்டார்.

ஆக, மெயின் பேண்ட் எட்டு மணி வாக்கில் ஏறிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கச்சேரி எப்பவும் லேட்டாத்தானே ஆரம்பிக்கும்" என்று ஒன்பது மணிக்கு வந்தால் பாதி போய்விட்டிருக்கும். ஆறு மணிக்கு உள்ளே இருப்பது நல்லது. அதற்காகப் பகல் பன்னிரண்டுக்கே வந்து வெயிலில் வரிசை கட்ட வேண்டாம். கடைசி ஒரு மணி நேரத்துக்குத்தான் தெம்பு வேண்டும், அதை வாசலிலேயே செலவழிக்கிறவர்கள் இங்கே அதிகம்.

முதலில் வாசிக்கிற சின்ன பேண்டுகளையும் பார்க்கணுமா?

பாருங்கள். 2007-இல் பெங்களூரில் அயர்ன் மெய்டனுக்கு முன்னால் வாசித்தது டெல்லியின் பரிக்கிரமா. அதே வருஷம் அவர்கள் இங்கிலாந்தின் டவுன்லோட் விழா மேடை வரைக்கும் போனார்கள். அதுவும் போக, கூட்டம் சேர்வதற்கு முன் கழிவறை, தண்ணீர், வெளியேறும் வழி எல்லாம் எங்கே என்று பார்த்து வைக்க அந்த நேரம் உதவும்.

இரண்டு பேண்டுகளுக்கு நடுவில் மேடையைக் கவனியுங்கள், எனக்கு அது தனி வேடிக்கை. கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் டிரம்ஸில் உட்கார்ந்து ஒரே பாஸ் டிரம்மை டும்... டும்... டும்... என்று சலிக்காமல் மிதித்துக்கொண்டே இருப்பார். தூரத்தில் இருக்கிற இன்ஜினியர் கை காட்டியதும் அடுத்த டிரம்முக்குப் போவார். இன்னொருவர் கிட்டார்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுதி பார்த்துத் திரும்ப வைப்பார். மைக் ஸ்டாண்டின் காலடியில் ஒரு காகிதத்தை டேப் போட்டு ஒட்டுவார்கள், அன்றைக்கு வாசிக்கப் போகிற பாட்டு வரிசை அதில்தான் இருக்கிறது. துண்டும் தண்ணீர் பாட்டிலும் வந்து உட்கார்ந்தால் இன்னும் சில நிமிஷம்தான். டீ வாங்கப் போகாதீர்கள்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப் போவது?

மூடின ஷூ. இதில் பேச்சே இல்லை. ரேஸ்கோர்ஸ் புல்லும் புழுதியும் கலந்த தரை, செருப்புக் காலை ஆயிரம் பேர் மிதிப்பார்கள். ஜனவரி மாலையில் சட்டை போதும், மார்ச், மே என்றால் வேர்த்துக் கொட்டும். பருத்தி டிஷர்ட், ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான்.

பை எடுத்துப் போகாமல் இருப்பதே மேல். வெளித் தண்ணீர் பாட்டில், குடை, செல்ஃபி ஸ்டிக், லைட்டர், லென்ஸ் மாற்றுகிற கேமரா எல்லாம் பெரும்பாலும் வாசலிலேயே போய்விடும். பவர் பேங்கையும் சில இடங்களில் விடுவதில்லை. ஆகவே போனை நூறு சதவீதம் சார்ஜ் செய்து, பாதி நேரம் ஃப்ளைட் மோடில் வையுங்கள். ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே கோபுரத்தைப் பிடித்து இழுக்கிற இடத்தில் சிக்னல் தேடியே பாட்டரி செத்துவிடும். நண்பர்கள் பிரிந்தால் எங்கே கூடுவது என்று வாயால் பேசி வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸாப்பை நம்ப வேண்டாம்.

பெரிய விழாக்களில் உள்ளே ரொக்கம் செல்லாது, கைப்பட்டையில் பணம் ஏற்றிச் செலவு செய்ய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மிச்சப் பணத்தைத் திரும்பக் கேட்பதற்குக் கெடு இருக்கும், ஊருக்குப் போனதும் மறந்துவிடுவீர்கள். மது விஷயத்தில் மகாராஷ்டிரத்தில் பீருக்கு 21 வயது, விஸ்கி மாதிரி கடும் சரக்குக்கு 25. அடையாள அட்டையைப் பார்த்துத்தான் தருவார்கள்.

காது போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

ஒரே ராத்திரியில் செவிடாக மாட்டீர்கள். ஆனால் பயத்துக்கு அர்த்தம் இருக்கிறது. வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வைத்திருக்கிற அளவு இது: 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படியே கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். கச்சேரி அரங்கங்களில் 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறை வைத்தது. நீங்கள் நிற்கப் போவதோ இரண்டு மணி நேரம்.

ஷோ முடிந்து வெளியே வரும்போது காதில் ங்ங்ங் என்று ஒரு ரீங்காரம் கேட்டால், உள்காதின் மெல்லிய மயிர்ச் செல்கள் அடி வாங்கியிருக்கின்றன என்று பொருள். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். ஆனால் செத்துப்போன செல் திரும்ப முளைக்காது. ஏசி/டிசி பேண்டின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-இல் நடுவழியில் சுற்றுப்பயணத்தை விட்டுப் போனதே காது பிரச்சினையால்தான்.

தீர்வு சின்னது: இயர் பிளக். மருந்துக் கடையில் கிடைக்கிற மஞ்சள் நுரை பிளக் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கிவிடும். இசைக்காரர்களுக்கென்றே விற்கிற பிளக் எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். அதைப் போட்டுக்கொண்டால் வார்த்தை இன்னும் தெளிவாகவே கேட்கும். ஒரு பாட்டு வரைக்கும் வித்தியாசமாக இருக்கும், அப்புறம் மறந்துபோவீர்கள். குழந்தைகளைக் கூட்டி வந்தால் மேலே மாட்டுகிற பெரிய காதுக் கவசம் கட்டாயம். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் மட்டும் யாரும் நிற்க வேண்டாம்.

மாஷ் பிட் என்கிறார்களே, அடிதடியா?

பார்க்க அப்படித்தான் இருக்கும். மெட்டல் ஷோவில் கூட்டத்தின் நடுவே ஒரு வட்டம் திறக்கும், உள்ளே போகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக் குதிப்பார்கள். ஆனால் அதற்கும் எழுதாத சட்டம் இருக்கிறது. யாராவது கீழே விழுந்தால் சுற்றி இருப்பவர்கள் உடனே கைகொடுத்துத் தூக்க வேண்டும். வர விரும்பாதவரை இழுக்கக் கூடாது. முழங்கையை நீட்டக் கூடாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிட்டுப் போங்கள். வேண்டாம் என்றால் வட்டத்திலிருந்து ஐந்தாறு வரிசை தள்ளி நின்றால் போதும், உங்களை யாரும் சீண்ட மாட்டார்கள்.

நான் பயப்படுவது பிட்டுக்கு இல்லை, நெரிசலுக்கு. 2000-இல் டென்மார்க்கின் ராஸ்கில்டே விழாவில் பெர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேடைக்கு முன்னால் ஒன்பது பேர் நசுங்கி இறந்தார்கள். 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்தில் 11 பேர். 2017-இல் இதே மும்பையில் எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் 23 பேர். அது மகாலட்சுமிக்கு இரண்டே ஸ்டேஷன் தள்ளி, இப்போது பிரபாதேவி என்று பெயர்.

கையைத் தூக்கவோ திரும்பவோ முடியாத அளவு நெருங்குகிறது, கூட்டம் அலைபோல உங்களைத் தூக்கி நகர்த்துகிறது என்றால், அப்போதே கிளம்புங்கள், பாட்டு முடியட்டும் என்று பார்க்காதீர்கள். இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் மூச்சுவிட இடம் இருக்கும். எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை ஓய்கிற நேரம் பார்த்துக் குறுக்காக ஓரம் நோக்கி நகருங்கள். போன் கீழே விழுந்தால் விழுந்ததுதான், குனியவே கூடாது.

தனியாக வரலாமா? பெண்கள்?

வரலாம். பெண்கள் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ வருவது இங்கே சாதாரணம். ராத்திரி லோக்கலில் பெண்கள் பெட்டி உண்டு. கூட்டத்தில் யாராவது தொல்லை கொடுத்தால் சத்தம் போட்டுச் சொல்லுங்கள், சுற்றி இருப்பவர்களே அந்த ஆளை வெளியே தள்ளிவிடுவார்கள். திரும்புகிற வழியை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். பெண்ணோ ஆணோ, கஷ்டம் வருவது பத்தரை மணிக்கு ரோட்டில் நிற்கும்போதுதான்.

அப்பா அம்மாவையும் கூட்டி வரட்டுமா? அவர்களும் பாட்டுப் பைத்தியம்தான்.

கர்நாடகக் கச்சேரிப் பைத்தியமா? அப்படியானால் சீட் இருக்கிற ஸ்டேடியம் ஷோவுக்கு மட்டும். கிங்ஸ் சர்க்கிள் சண்முகானந்தா சபாவில் உட்கார்ந்து கேட்டுப் பழகியவர்களுக்கு, மூணு மணி நேரம் நின்றுகொண்டே கேட்பது தண்டனை. மற்றபடி அவர்களுக்குப் பழகின விஷயங்கள் நிறைய இருக்கின்றன. தனி ஆவர்த்தனம் விட்டதும் கேன்டீனுக்குக் கிளம்புகிற கூட்டம் அங்கே உண்டல்லவா, இங்கேயும் டிரம் சோலோ ஆரம்பித்ததும் அதே கூட்டம் பீர் கவுண்டருக்குக் கிளம்பும்.

எனக்குப் பிடித்த பாட்டை வாசிப்பார்களா?

செட்லிஸ்ட்.எஃப்எம் என்ற தளத்தில் ஒவ்வொரு ஊரிலும் என்ன வாசித்தார்கள் என்று ரசிகர்கள் பதிந்து வைப்பார்கள். முந்தின ஊர்களைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். அயர்ன் மெய்டன் மாதிரி பேண்டுகள் ஒரு பயணம் முழுக்க கிட்டத்தட்ட ஒரே வரிசையைத்தான் வாசிக்கும். மெட்டாலிக்கா 2023-இல் தொடங்கிய சுற்றில் ஒரே ஊரில் இரண்டு நாள் வாசித்தால் ஒரு பாட்டுகூடத் திரும்ப வராதபடி வைத்துக்கொண்டார்கள். நான் முன்னாடியே பார்ப்பதில்லை. ஆனால் ஒரே ஒரு பாட்டுக்காக ஊரிலிருந்து வருகிறீர்கள் என்றால், ரயில் டிக்கெட் போடுவதற்கு முன் பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

"தாங்க் யூ, குட் நைட்" என்று சொல்லிவிட்டுப் போனால் நம்பாதீர்கள். விளக்கு அணைந்தே இருக்கிறது என்றால் திரும்பி வருவார்கள், பெரிய பாட்டு இன்னும் பாக்கி இருக்கும். மைதான விளக்குகள் எரிந்தால்தான் முடிந்தது.

போனில் எடுக்கலாமா?

ஒரு பாட்டு எடுங்கள், போதும். பின்னால் நிற்கிற குட்டையான ஆளையும் நினைத்துப் பாருங்கள். எப்படியும் பாஸ் சத்தத்தில் போன் மைக் திணறிப்போய், வீட்டில் போட்டுக் கேட்டால் கர்ர்ர் என்றுதான் இருக்கும்.

ரத்தானால் பணம் திரும்ப வருமா?

டிக்கெட் பணம் வரும், ரயிலும் ரூமும் உங்கள் தலையில்தான். 2011 அக்டோபர் 28 அன்று குர்காவ்னில் மெட்டாலிக்கா வாசிக்க வேண்டியது. கூட்டத்தைத் தடுக்கிற கம்பிகள் சரியில்லை என்று கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள், ஆத்திரத்தில் கூட்டம் மேடையையே உடைத்தது. ஏற்பாட்டாளர்கள் சிலர் கைதானார்கள். இரண்டு நாள் கழித்து பெங்களூரில் அதே பேண்ட் ஜோராக வாசித்தது. ஆகவே ரத்து செய்ய முடிகிற ரூமாகப் போடுங்கள். ஷோ அன்று காலையில் பேண்டின் பக்கத்தையும் ஏற்பாட்டாளர் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முடிந்ததும் எப்படித் திரும்புவது, எங்கே சாப்பிடுவது?

கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே ஓடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அவர்கள் சீக்கிரம் வீடு சேர்கிறார்கள். மற்றவர்கள் இருபது, முப்பது நிமிஷம் உள்ளேயே உட்காருங்கள். முதல் அலை ஸ்டேஷனுக்குப் போய்த் தீரட்டும். லோக்கல் நள்ளிரவுக்குப் பிறகும் ஓடும், அதனால் பதற வேண்டாம். அந்த நேரத்தில் வாசலில் நின்று ஆப்பில் டாக்சி தேடினால் மூணு மடங்கு விலை காட்டும், அதுவும் வந்து சேராது. வரும்போதே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், கவுண்டர் வரிசை மிச்சம்.

ராத்திரி இட்லி தோசைக் கனவு வேண்டாம், மாதுங்கா ஹோட்டல்கள் அதற்குள் மூடியிருக்கும். ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் முட்டை புர்ஜியும் பாவும் கிடைக்கும், குதித்துவிட்டு வந்த வயிற்றுக்கு அதுதான் தேவாமிர்தம். காலையில் கத்திக் கத்திக் குரல் போயிருக்கும். மாதுங்கா ராம் ஆஸ்ரயாவிலோ கபே மெட்ராஸிலோ போய் உட்கார்ந்து கையைக் காட்டியே ஆர்டர் கொடுத்துவிடலாம்.

பெரிய பேண்ட் வரும்வரை என்ன செய்வது?

சின்ன இடங்களுக்குப் போங்கள். லோயர் பரேல் ஆன்டிசோஷியல் மாதிரி கிளப்புகளில் வாராவாரம் ஏதாவது பேண்ட் வாசிக்கும், டிக்கெட் விலையும் பெரிய ஷோவில் ஒரு சின்னப் பங்குதான். பெங்களூரின் அகம் எங்கே வந்தாலும் விடாதீர்கள். 2003-இல் தொடங்கிய பேண்ட், கர்நாடக சங்கீதத்தைக் கரகரவென்று ஒலிக்கிற டிஸ்டார்ஷன் கிட்டாரோடு சேர்த்துப் பாடுவார்கள், மேலே சொன்ன அப்பா அம்மாவையும் அதற்குத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். இயர் பிளக்கை மட்டும் அங்கேயும் எடுத்துப் போங்கள். சின்ன அறையில் ஸ்பீக்கர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.